36 வயதில் பென்ஷன் வேலையை விட்டுவிட்டுக் கம்போடியா போகலாமா? அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்

செந்தூல்டீச்சர்
அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் கேட்டால் எல்லோரும் "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் முகம் தெரியாத இடத்தில் கேட்கிறேன்.

நான் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 12 வருஷ சர்வீஸ். பென்ஷன் உண்டு. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் சபையிலிருந்து மூன்று வருஷமாகப் பள்ளி விடுமுறையில் கம்போடியாவில் பட்டம்பாங்குக்குக் குழுவாகப் போய் வருகிறோம், பத்துப் பத்து நாள். போன தடவை அங்கே ஒரு பிள்ளைகள் இல்லத்தை நடத்துபவர்கள், நிரந்தரமாக வந்துவிடு என்று கேட்டார்கள். குறைந்தது ஐந்து வருஷம். சம்பளம் கிடையாது, மாதாமாதம் காசு கொடுத்துத் தாங்குபவர்களை நானே தேடிக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அழைப்பு என்றுதான் நம்புகிறேன்.

அம்மா கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி என்னைப் படிக்க வைத்தவர். அப்பா இல்லை. தம்பி ஜொகூரில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்ன அன்று அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "நான் இதுக்கா நாலு மணிக்கு எழுந்திரிச்சேன்?" அதோடு சரி. இரண்டு வாரமாக, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை_கிள்ளான்
தங்கச்சி, நான் எங்கள் சபையில் 15 வருஷமாகப் பொருளாளர். ஊழியர்களுக்குப் பணம் அனுப்புகிற கை என்னுடையது. அழைப்பைப் பற்றிப் பாஸ்டர்கள் பேசட்டும். நான் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

ராஜினாமா செய்தால் பென்ஷன் போச்சு. ஆனால் அரசாங்க ஊழியருக்கு 40 வயதில் விருப்ப ஓய்வு உண்டு. அப்போது பணம் உடனே கைக்கு வராவிட்டாலும் உரிமை நிற்கும். நான்கு வருஷம் பொறுத்தால் என்ன? கர்த்தர் அவசரப்படுகிறவர் இல்லை.

அடுத்தது, தாங்குபவர்கள். முதல் வருஷம் எல்லோரும் கை தூக்குவார்கள். மாதம் 50, 100 என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாம் வருஷம் ஒருவருக்குக் கார் கடன், ஒருவருக்குப் பிள்ளைக்குக் காலேஜ், இன்னொருவர் சபையையே மாற்றிக்கொண்டு போய்விடுவார். யாரும் கெட்டவர்கள் இல்லை. இருந்தாலும் பட்டியலில் 30 பேர் இருந்தால் மூன்றாம் வருஷம் 18 பேர்தான் என்று எண்ணிக் கணக்குப் போடு. எங்கள் பட்டியல் அப்படித்தான் தேய்ந்தது. இன்னொன்று, மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிக் காப்பீடு. வெளிநாட்டில் தொடர்ந்து 90 நாள் தங்கினால் செல்லாது என்று சிலவற்றில் பொடி எழுத்தில் இருக்கும். எடுத்துப் படி.

கேள்விக்குறி
நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இங்கே கோலாலம்பூரிலேயே, செந்தூலில் ஃப்ளாட் ஃப்ளாட்டாகத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள். நீங்களோ டீச்சர். இங்கிருந்து இரண்டு மணி நேரம் விமானத்தில் போய்த்தான் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமா? அங்கே படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட நன்றாக இருக்கும், இங்கே லிஃப்ட் நாறும். அதுதானே வித்தியாசம்?

வேதத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கண்டித்தாரா இல்லையா? மாற்கு ஏழாம் அதிகாரம்.

பாயான்லெப்பாஸ்
ஐயோ பிரதர், காலையிலேயேவா :)

ஆனால் கொர்பான் விஷயம் சரியான அடி. எனக்கும் பதில் தெரியவில்லை.

ஜெபவீரன்
சிஸ்டர், பின்னிட்டுப் பார்க்காதீர்கள். மிஷனரி வில்லியம் கேரி 1793ல் இந்தியாவுக்குப் போனார், 41 வருஷம் ஒரு தடவைகூட இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895ல் வந்து 55 வருஷத்துக்கு மேல் விடுப்பே எடுக்காமல் டோனாவூரிலேயே அடக்கமானார். அவர்கள் பென்ஷனையா பார்த்தார்கள்? விசுவாசத்தோடு அடி எடுத்து வையுங்கள், கடல் பிளக்கும்.

மிஷனரிபிள்ளை
கேரியின் மனைவி பெயர் தெரியுமா பிரதர்? டாரதி. வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். வற்புறுத்திக் கூட்டி வந்தார்கள். வந்த அடுத்த வருஷம் ஐந்து வயது மகன் செத்துப்போனான். அதற்குப் பிறகு அந்தம்மாவுக்குப் புத்தி தெளியவே இல்லை, 1807ல் சாகும்வரை. பக்கத்து அறையில் அவர் கத்திக்கொண்டிருக்க, கேரி வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள்.

என் அப்பா அம்மா ஊழியத்தில் வெளிநாட்டில் இருந்தார்கள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். நான் ஒன்பது வயதிலிருந்து பினாங்கில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். அப்பா எழுதுகிற ஜெபக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும்: "மகனின் படிப்புக்காக ஜெபியுங்கள்." சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தம்பி, உனக்காக ஜெபிக்கிறோம்" என்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டது அத்தை மட்டும்தான்.

அப்பா அம்மா மேல் இப்போது கோபம் இல்லை. ஆனால் 41 வருஷம் 55 வருஷம் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீச்சர், உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் உங்கள் கதை வேறு. அம்மா இருக்கிறார், அதனால் வேறு இல்லை.

ஜெபவீரன்
மன்னிக்கவும் பிரதர். டாரதி அம்மையாரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சவேரியார்_பினாங்கு
நான் கத்தோலிக்கன், பினாங்கு ரோடு சவேரியார் ஆலயப் பங்கு. எங்களில் இது வேறு மாதிரி. குருவானவரோ கன்னியரோ போனால் சபைதான் பொறுப்பு, ஆள் தேடிக் காசு திரட்ட வேண்டியதில்லை. அதனால் உங்கள் கஷ்டம் எனக்கு அனுபவத்தில் தெரியாது.

ஒன்று மட்டும். தஞ்சோங் பூங்காவில் இருக்கும் குருமடம் 1665ல் அயுத்தயாவில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் தொடங்கியது. இடம் மாறி மாறி 1808ல் பினாங்குக்கு வந்தது, முதலில் பூலாவ் தீக்குஸில். அங்கே பாடம் நடத்திய இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், இம்பெர், ஷஸ்தான், பிறகு கொரியாவுக்குப் போய் 1839ல் தலை வெட்டப்பட்டுச் செத்தார்கள். 1984ல் புனிதர் பட்டம். சின்ன வயதில் எங்கள் ஞான உபதேச வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வெட்டு இல்லை. இந்தத் தீவில் வெயிலில் உட்கார்ந்து, பல தேசத்துப் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தார்களே, அதுதான். எதற்காகப் பிள்ளைகளைத் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போகாமல் இங்கே குருமடம் வைத்தார்கள்? அந்தந்த ஊர்க்காரனே குருவாக வேண்டும், வெள்ளைக்காரன் ஒருநாள் இல்லாமல் போகலாம் என்று. டீச்சர், நீங்கள் போனால் ஐந்து வருஷத்தில் உங்கள் வேலையை எந்த கெமர் பெண், அந்த ஊர்ப் பெண், செய்வாள் என்று இப்போதே யோசியுங்கள்.

போங்_பட்டர்வொர்த்
நான்கு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் பட்டம்பாங் மாநிலத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். வயது 54. இப்போது பட்டர்வொர்த்தில் டியூஷன் எடுக்கிறேன்.

முதலில் அந்த இல்லம். தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. அந்த இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டாயா? கம்போடியாவில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார் என்று அரசாங்கமும் யுனிசெஃப்பும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. வறுமையால் விடுகிறார்கள். நம்மைப் போலக் குழு குழுவாக வருகிறவர்கள் காசு கொடுப்பதால் இல்லங்கள் பெருகின. பத்து நாள் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிற அக்காமார்களை அந்தப் பிள்ளைகள் வருஷத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள்! நான் போனதும் ஓர் இல்லத்துக்குத்தான். இரண்டாம் வருஷம், 'அனாதை' என்று எங்களிடம் சொல்லப்பட்டிருந்த பையனைப் பார்க்க, அவன் அம்மாவே சைக்கிளில் மாம்பழம் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே விடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். என்னிடம்! அதன் பிறகுதான் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம்: பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள், பகலில் நாங்கள் பாடம், சாப்பாடு. படம் பிடிக்க அவ்வளவு நன்றாக இருக்காது. இரண்டு பெரிய நன்கொடையாளர்கள் நின்றுவிட்டார்கள்.

அப்புறம் மொழி. முதல் இரண்டு வருஷம் நீ ஊழியக்காரி இல்லை, அடுத்த வீட்டுக் குழந்தை. அதை ஏற்றுக்கொள்ள டீச்சர்களுக்குத்தான் கஷ்டம். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, அதனால் நமக்குச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வடிவத்தில் ஒரு சாயல் தெரியும், அவ்வளவுதான். எண்ணும்போது ஐந்துக்கு மேல் போனால் "ஐந்து ஒன்று, ஐந்து இரண்டு" என்று எண்ணுவார்கள்: ப்ராம் முய், ப்ராம் பீ. நான் சந்தையில் ஆறு முட்டை கேட்கப் போய், ஐந்து கேட்டு ஒன்று கேட்டு, கடைக்கார மிங் சிரித்து சிரித்து அழுதே விட்டார். மிங் என்றால் சித்தி, அத்தை மாதிரி. அங்கேயும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, முறை வைத்துத்தான். மூத்தவர் ஆணோ பெண்ணோ "போங்". என் பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆசிரியர் "க்ரூ". குருதான், தேய்ந்து போன குரு. அதைக் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் வீடு மாதிரி இருந்தது.

சொல்ல வந்தது வேறு. ப்சும் பென் என்று ஒரு பண்டிகை. புரட்டாசி வாக்கில் பதினைந்து நாள், ஏறக்குறைய நம் மகாளய பட்சம் வருகிற அதே நாள்கள். செத்துப்போனவர்கள் பசியோடு வருவார்கள் என்று விடியுமுன் நாலு மணிக்குப் பகோடாவுக்கு, அதாவது புத்த கோயிலுக்குப் போய்ச் சோற்று உருண்டையை இருட்டில் எறிவார்கள். எங்களிடம் படித்த ஒரு பெண், பதினேழு வயது, ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பாட்டி கூட வரச் சொல்கிறார், போகலாமா போங் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. கூடாது என்றேன். வசனமும் காட்டினேன்.

பாட்டி அந்த வருஷம் தனியாகப் போனார். வழியில் சகதியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. சர்வாதிகாரி போல் போட் காலத்தில் மூன்று பிள்ளைகளையும் புருஷனையும் பறிகொடுத்தவர் அவர். யாருக்கும் சமாதி கிடையாது. அந்தச் சோற்று உருண்டை ஒன்றுதான் அவர்களுக்கு அவர் கொடுக்க முடிந்தது. இது எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில்தான் தெரியும். மொழி அரைகுறையாக இருந்தபோது பதிலை மட்டும் முழுசாக வைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் அந்தப் பெண் நாலு மணிக்கு எழுந்து பாட்டியைக் கைத்தாங்கலாகப் பகோடா வாசல்வரை கூட்டிப்போய், வெளியே உட்கார்ந்திருந்து, கூட்டி வந்தாள். அவளே முடிவு செய்தது. நானும் கூடப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். சரியா தப்பா என்று இன்னமும் யாராவது என்னைக் கேட்கிறார்கள். என் ஆயா நிபோங் திபால் தோட்டத்து லயத்தில் தாத்தாவுக்குப் படையல் போட்டபோது, மதம் மாறியிருந்த என் அப்பா வீட்டுக்குள் வராமல் வேலிக்கு வெளியே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆயா சாப்பாட்டை வேலிக்கு மேலே நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

உன் அம்மா நாலு மணிக்கு எழுந்தேன் என்றாரே, அதைப் படித்துவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

காசு விஷயம் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது அத்தனையும் நிஜம். நான் தனியார் பள்ளியில் இருந்தவள், ஏழு வருஷம் ஈபிஎஃப்பில், ஊழியர் சேமநிதியில், ஒரு சென் ஏறவில்லை. நாமாகவே போடலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது ஐ-சாரான் திட்டத்தில் சொந்தமாகப் போடுகிறவர்களுக்கு அரசாங்கமும் 20 விழுக்காடு சேர்க்கிறது, வருஷத்துக்கு 500 ரிங்கிட்வரை. உனக்குப் பொருந்துமா என்று கவுண்டரில் கேள்.

கேள்விக்குறி
போங் அக்கா, இரண்டு தடவை படித்தேன். நான் எதிர்க்க வந்தது இந்த மாதிரி ஆளை இல்லை.

ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. இவ்வளவு தப்பு செய்து கற்றுக்கொள்ள அடுத்தவன் நாடுதான் கிடைத்ததா?

போங்_பட்டர்வொர்த்
நியாயமான கேள்வி தம்பி. எனக்குக் கிடைத்த ஒரே பதில்: அங்கே நான் அந்நியள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் தப்பைச் சொல்லிக் காட்டினார்கள். செந்தூல் ஃப்ளாட்டில் டீச்சர் தப்பு செய்தால் யார் சொல்வார்கள்? இது முழு பதில் இல்லை, தெரியும்.

பாயான்லெப்பாஸ்
நடுவில் ஒன்று. லோகோஸ் ஹோப் என்ற மிஷனரிப் புத்தகக் கப்பல் பினாங்கு வந்தபோது என் மச்சான் புத்தகம் வாங்கப் போனவன், அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆள் அவன் ஊரில் இன்ஜினியர் என்று கேட்டு அசந்துபோய், பிறகு தானே இரண்டு வருஷம் அந்தக் கப்பலில் போனான். எல்லோரும் வாலண்டியர்தான், செலவுக்கு ஆள் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசங்கம் பண்ணலாம் என்று போனவனைப் பாத்திரம் கழுவ விட்டார்கள். எட்டு மாதம். ஆனால் மாமியாருக்கு அதுதான் நிம்மதியாம், பையன் வீட்டில் கழுவாத பாத்திரத்தைக் கடலிலாவது கழுவுகிறானே என்று.

கணக்குப்பிள்ளை_கிள்ளான்
நான் முன்பு நான்கு வருஷம் பொறு என்றேன். போங் அக்கா மொழியைப் பற்றிச் சொன்னதைப் படித்த பிறகு ஒரு திருத்தம். 40ல் மொழி ஏறாது என்றில்லை, ஆனால் 36ல் ஏறுவது மாதிரி இருக்காது. அரசாங்கத்தில் சம்பளமில்லா விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. உன் சர்வீஸுக்கு எத்தனை நாள் கிடைக்கும், என்ன காரணத்துக்குக் கொடுப்பார்கள் என்று பிபிடியில், மாவட்டக் கல்வி அலுவலகத்தில், கேள். கிடைத்தால் அந்த நாள்களில் மொழியை மட்டும் படி. ஊழியம் எதுவும் வேண்டாம். திரும்பி வந்து வகுப்பில் நில். அப்புறமும் அதே நினைப்பு இருந்தால் 40ல் விருப்ப ஓய்வு.

இன்னொன்று. அசரியா ஐயர், வெள்ளாளன்விளைக்காரர், 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். ஆட்களைத் தெலுங்கு தேசத்துக்கு அனுப்புகிற சங்கம். அனுப்பிக்கொண்டே இருந்தவர், 1909ல் தானே மனைவி பிள்ளைகளோடு தோர்ணக்கல் போய்க் கூடாரத்தில் குடியிருந்தார். எங்கள் சபையில் அனுப்புகிற கமிட்டியில் இருக்கும் பெரியவர்கள் ஒருத்தரும் போனதில்லை, நான் உட்பட. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். சொல்லத் தோன்றியது.

செந்தூல்டீச்சர்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கவும். தேர்வுத்தாள் திருத்தம்.

அந்த இல்லத்துக்கு எழுதிக் கேட்டேன். முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு வந்தது: 22 பிள்ளைகளில் 15 பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். மூன்று வருஷம் அந்தப் பிள்ளைகளோடு படம் எடுத்திருக்கிறேன், இதை ஒருநாளும் கேட்கவில்லை. அந்த இல்லத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கம்போடியாவை விடவில்லை. பிபிடியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், மொழி படிக்க.

அம்மாவிடம் போங் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். படையல், வேலி, எல்லாம். அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கெழவிக்கு இடுப்பு சரியாச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லு" என்றார். இத்தனை வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அக்கா, சரியாச்சா?

போங்_பட்டர்வொர்த்
கோல் ஊன்றி நடந்தார், தங்கச்சி. அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். பேத்திதான் பார்த்துக்கொண்டாள். அவள் இப்போது நாங்கள் நடத்திய பாடசாலையில் க்ரூ. சவேரியார் பிரதர் கேட்ட கேள்விக்குப் பதில்.

செந்தூல்டீச்சர்
சொன்னேன். தலையாட்டினார். இன்று காலையில் வேறொரு கேள்வி: அங்கே புளி கிடைக்குமா?

போங்_பட்டர்வொர்த்
தாராளமாக. அம்பில் என்று கேட்க வேண்டும். அவர்கள் புளிக்குழம்பு நம்மைவிடப் புளிக்கும். நான் இருந்த ஊர்ச் சந்தையில் மிளகாய்த்தூள்தான் நம் ருசிக்குக் கிடைக்கவில்லை. இரண்டு கிலோ போதும், இரண்டு பிளாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்டு, என் பெட்டி முழுக்க ஒருமுறை சிவந்துவிட்டது.

செந்தூல்டீச்சர்
விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன் அக்கா. மல்லியும் மிளகாயும் மொட்டை மாடியில் காய்கிறது.